அடைத்தேன் மச்சான்

மச்சானின் மூக்கை உடைக்கத்தான் அந்த மடிக்கணினியைப் பழுது பார்க்க உட்கார்ந்தேன். அவர் என் மனைவியின் அண்ணன். எங்கள் நகரின் பண்டார் ஹிலிர் பகுதியில் கணினிக் கடை வைத்திருந்தார். கடையில் ஓடிய பழைய மடிக்கணினி ஒன்றில் லினக்ஸ் இயங்குதளம் போட்டு எனக்குக் கொடுத்தார்.

தமிழ்ப்பள்ளிகளுக்குத் தேர்வுத் தாள் தட்டச்சு செய்வது என் பிழைப்பு. மதியம் பள்ளியில் வேலையை முடித்து, மூடியை மூடிப் பையில் வைப்பேன். சாயங்காலம் காஜா பெராங்கில் இருக்கும் என் வீட்டில் திறந்தால் பேட்டரி செத்துக் கிடக்கும். பை கொதிக்கும். சேமிக்காத பக்கங்கள் போனது போனதுதான்.

போன் போட்டால், "அடைச்சீங்களா மாப்ள?" என்பார்.

"அடைச்சேன் மச்சான்."

எங்கள் ஊரில் கதவையும் அடைப்போம், விளக்கையும் அடைப்போம், விசிறியையும் அடைப்போம். கணினியை முழுதாக நிறுத்தினேனா என்று அவர் கேட்டார். மூடியை மூடினேன் என்று நான் சொன்னேன். இப்படியே ஒரு மாதம் பேசிக்கொண்டிருந்தோம்.

பிறகு மாமியார் வீட்டு விருந்தில், இருபது பேர் நடுவே, "மாப்ளைக்குக் கம்ப்யூட்டர் அடைக்கக்கூடத் தெரியல லா" என்று சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அதைக்கூடப் பொறுத்திருப்பேன். என் மனைவியும் சிரித்துவிட்டு, "அண்ணன் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றாள். பதினைந்து வருடம் என்னோடு குடும்பம் நடத்தியவள்! பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள். எனக்குப் பூமி வேண்டாம், அவள் அந்த வார்த்தையை வாபஸ் வாங்கினால் போதும்.

கணினி தன் பாட்டுக்கு எழுதிவைக்கும் பதிவுகளைப் படிக்கக் கற்றுக்கொண்டேன். மதியம் 'மூடி மூடப்பட்டது' என்று ஒரு வரி இருந்தது. அடுத்து 'உறங்கப் போகிறேன்' என்ற வரி வர வேண்டும். வரவே இல்லை. பைக்குள் விழித்துக்கொண்டு, பேட்டரி தீரும்வரை இணையத்தைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறது.

அமைப்புக் கோப்பைத் திறந்தேன். மூடியை மூடினால் கண்டுகொள்ளாதே என்று அதில் யாரோ கட்டளை எழுதியிருந்தார்கள். கோப்பு கடைசியாகத் திருத்தப்பட்ட தேதியைப் பார்த்தேன். கணினி என் கைக்கு வருவதற்கு இரண்டு மாதம் முன்பு. கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன். அந்த ஒரு சொல்லை 'உறங்கு' என்று மாற்றினேன். மறுநாள் பேட்டரி அப்படியே இருந்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை.

சுதந்திர தின விடுமுறைக்கு அதே மாமியார் வீட்டில் மறுபடி சாப்பாடு. மச்சான் வயிறாரச் சாப்பிடட்டும் என்று காத்திருந்தேன். கை கழுவி வந்ததும் திரையை அவர் முன் வைத்தேன். மனைவி அடுப்படியில் இருந்தாள்.

"மச்சான், இது யாரு எழுதுனது?"

இரண்டு முறை படித்தார். முகம் கறுத்தது. "கடையில மூடி வச்சே பாட்டு ஓடவிடுவோம். அதுக்கு நான்தான் போட்டேன். எடுக்க மறந்துட்டேன் லா."

"சத்தமா சொல்லுங்க மச்சான், அடுப்படிக்குக் கேக்கல."

சொல்ல வைத்தேன். மாமியார் என்னை முறைத்தார். மனைவி வீடு வரும்வரை முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு வந்தாள். ஜெயித்தும் தோற்றுவிட்டேனோ என்று பயந்தேன்.

அடுத்த வாரம் மச்சான் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார். மனைவி தன் கைப்பேசியோடு கூடத்துக்கு வந்தாள். அவர் பழக்கத்தில் கையை நீட்டினார். அவள் அவரைத் தாண்டி வந்து என்னிடம் நீட்டினாள்.

"என்னங்க, சார்ஜ் ஏற மாட்டேங்குது. பாருங்களேன்."

"பாக்கறேன்" என்றேன், மச்சானைப் பார்த்துக்கொண்டே.