கக்கூஸ் பக்கத்து சீட்டு

எனக்கு எழுபத்திமூன்று வயது நடக்கிறது. ஆறு பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். நான் பெற்றது நாலு. மற்ற இரண்டும் தாய் இல்லாமல் போன என் கொழுந்தன் பிள்ளைகள். ஆறு பேரையும் மூன்று வயதுக்குள் பாயை நனைக்காதபடி பழக்கிவிட்டேன். அதற்கு மேலும் ஒரு பிள்ளை நனைத்தால், அந்தப் பாயைத் தெருவில் போகிறவர்கள் பார்க்கிற மாதிரி காயப்போடுவேன். வெட்கப்பட்டு மறுநாளே ஒழுங்காகிவிடும். இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

நான் படித்தது மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான். எழுத்து கோணலாக இருக்கும்.

துபாயில் அல் குசைஸில் என் மூன்றாவது மகன் வீட்டில் இருக்கிறேன். மகன், மருமகள், பேத்தி, நான், நாலு பேர். பேத்திக்குப் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பாரிஸ் போய், அங்கிருந்து சுவிட்சர்லாந்தில் செர்மாட் என்கிற பனிமலை ஊருக்குப் போவது என்று மகன் முடிவு செய்தான்.

"எம்மா, நீயும் வாற. பாரிஸ்ல ஒரு காரை வாடகைக்கு எடுத்தா நானே ஓட்டிருவேன். வழியெல்லாம் பாத்துக்கிட்டே போலாம்" என்றான்.

கார் என்றதும் வேண்டாம் என்றேன். காரணத்தை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை.

என் மகள் அஜ்மானில் இருக்கிறாள். ஒரு நாள் அவள் வீட்டுக்குப் போய்விட்டுக் காரில் திரும்பிக்கொண்டிருந்தோம். ஷார்ஜா தாண்டி வருகிற ரோடு சாயங்காலத்தில் எப்படி நிற்கும் என்று இங்கே இருக்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டாம். முன்னாலும் வண்டி, பின்னாலும் வண்டி, நகரவே இல்லை. எனக்கு ஒரு வருஷமாகவே அடக்க முடிவதில்லை. வீட்டுக்குள் என்றால் ஓடிப்போய்விடலாம். பழைய சேலையைக் கிழித்து மடித்து வைத்துக்கொள்வேன், பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போடுவேன். அன்றைக்கு அதுவும் போதவில்லை. மகனிடம் வண்டியை ஓரம் கட்டச் சொல்ல வாய் வரவில்லை. ஓரத்தில்தான் என்ன இருக்கிறது, மரமா, மறைவா? எல்லாம் முடிந்த பிறகு, தண்ணீர் குடிக்கிற மாதிரி பாட்டிலைத் திறந்து மடியில் கவிழ்த்துக்கொண்டேன்.

"ஐயோ, தண்ணி கொட்டிட்டு" என்றேன்.

"பரவால்லம்மா, தண்ணிதான" என்றான் மகன், கண்ணாடியில் பார்த்துக்கொண்டே.

மருமகள் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். தன் ஷாலை எடுத்து என் மடிமேல் போட்டாள். "ஏசி காத்துல குளிரும் அத்தை" என்றாள். வீட்டுக்கு வந்ததும் சீட்டைத் துடைக்கப் போனவளைத் தடுத்து நானே துடைத்தேன். நம்பிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் கார் வேண்டாம் என்றேன். ரயில் என்றால் உள்ளேயே கக்கூஸ் இருக்கும், யாரிடமும் கேட்க வேண்டாம், எழுந்து போய்விட்டு வரலாம். அதைச் சொல்லாமல், "எனக்கு ரயில்ல போகணும்னு ஆசையா இருக்குடா" என்றேன்.

மகன் சிரித்தான். "நம்மூர்ல நீ ரயில்ல போனதே இல்லியாக்கும்?"

"நம்மூர் ரயில்ல ஜன்னல்ல பனி தெரியுமாடா?"

"காருல போனாலும் பனி தெரியும்மா."

"எனக்கு ரயில்தான் வேணும். இல்லைன்னா நான் வரலை. அஜ்மான்ல மக வீட்டுல கிடக்கேன்."

அவன் முகம் சுருங்கிவிட்டது. அப்போது மருமகள், "ரயில்லயே போவோம். மலை ரோட்டுல காருல போனா எனக்கும் தலை சுத்தும்" என்றாள். நான் ஜெயித்துவிட்டதாக நினைத்தேன். போன டிசம்பரில் ஜெபல் ஜைஸ் மலைக்குப் போனபோது அத்தனை வளைவிலும் காரை ஓட்டியது அவள்தான் என்பது எனக்கு அன்றைக்கு ஞாபகம் வரவில்லை.

பிறகு தினமும் மகன் டூட்டி முடிந்து வந்ததும் ஹாலில் இதே பேச்சுதான். லேப்டாப்பை டிவியில் போட்டுப் பார்ப்பார்கள். பாரிஸிலிருந்து லோசான் வரைக்கும் ஒரு வேகமான ரயில். அங்கே இறங்கி விஸ்ப் என்கிற ஊருக்கு இன்னொரு ரயில். விஸ்ப்பிலிருந்து மலை ஏறுகிற சின்ன ரயில். பேத்தி ஒவ்வொரு ஊரையும் விரலால் தொட்டுக் காட்டுவாள். நான் சோபா மூலையில் உட்கார்ந்து, எல்லாம் புரிந்த மாதிரி தலையாட்டுவேன். எனக்குத் தெரியவேண்டியது ஒன்றே ஒன்று. அதையும் சுற்றி வளைத்துத்தான் கேட்டேன்.

"அந்த மலை ரயில்ல கை கழுவ இடம் இருக்குமா? சாப்பிட்டா கை கழுவணும்லா."

மகன் டிவியிலேயே கண்ணாக, "அதெல்லாம் இருக்கும்" என்றான். மருமகள்தான் திரும்பி, "மூணு ரயில்லயும் இருக்கு அத்தை. பாத்துட்டேன்" என்றாள்.

லோசானில் ரயில் மாற எட்டு நிமிஷம்தான் இருக்கிறது, அது போதும் என்றான் மகன். மருமகள் ஒத்துக்கொள்ளவில்லை. "வேண்டாம், அதுக்கு அடுத்த வண்டிக்குப் போவோம். ஒரு மணி நேரம் இருக்கும்" என்றாள்.

"ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் என்ன செய்ய?"

"காபி குடிப்போம். கை கால் கழுவிக்கிடலாம்."

நான் மகன் பக்கம் சேர்ந்துகொண்டேன். "எனக்கென்ன காலு இல்லியா? ஓடி ஏறிருவேன். சோம்பேறித்தனம் பண்ணாத" என்றேன். அவள் அடுத்த வண்டியையே குறித்துக்கொண்டாள். இப்படிப் பிடிவாதக்காரியை என் மகனுக்குக் கட்டிவைத்தேனே என்று நினைத்தேன். நானாக இன்னொரு ஏற்பாடும் செய்துவைத்திருந்தேன். பயணத்துக்கு முந்தின நாளிலிருந்து தண்ணீர் குடிப்பதை நிறுத்திவிடுவது என்று.

எந்த சீட்டு என்று பார்த்து வைத்த அன்றைக்கு எதிர் ஃபிளாட் கோயம்புத்தூர் அம்மா வந்திருந்தாள். தன் மகனைப் பார்க்க விசிட் விசாவில் வந்திருக்கிறவள். என்னைவிடச் சின்னவள், என்னை அக்கா என்பாள். போன வருஷம் டூர்க்காரர்களோடு சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்ததிலிருந்து அவள் பேச்சு தாங்க முடியாது.

"ஏனுங்க்கா, ரயில்லயா போறீங்க? நாங்கெல்லாம் பஸ்சுலயே பூராவும் சுத்திப்போட்டு வந்துட்டமுங்க. ஒரு சிரமமில்லீங்க."

"பஸ்ல போனா தூங்கித் தூங்கி விழுந்திருப்பீங்க. ரயில்னா உலாத்திக்கிட்டே போலாம்" என்றேன். என் மகன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் ஏறிவிட்டது.

டிவியில் பாரிஸ் ரயிலின் படம் வந்தது, மாடி வைத்த ரயில். கட்டம் கட்டமாக சீட்டுகள். மருமகள் கீழ்த்தட்டில் பெட்டியின் ஓரமாக நாலு கட்டத்தை அழுத்தினாள்.

பேத்தி கத்தினாள். "அம்மா! அது டாய்லெட் பக்கத்துல. யக்!"

கோயம்புத்தூர் அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தாள். "அட, ஆமாங். நம்மூர்ல அந்த சீட்டு குடுத்தா சண்டைக்குப் போயிருவமுங்களே. கடைசியா டிக்கெட்டு எடுத்தவங்களுக்குத்தானுங் அது வரும்" என்றாள். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள்.

நம்மூர் ரயிலில் அந்த சீட்டு எப்படி இருக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நாற்றம், ஈரம், கதவு அடிக்கிற சத்தம், காலடியில் வரிசையாக நிற்கிற ஆட்கள். மரியாதை உள்ள யாரையும் அங்கே உட்காரவைக்க மாட்டார்கள். என் கல்யாணம் முடிந்து ரயிலில் போனபோது, என் அப்பா எடுத்த டிக்கெட்டில் அந்த சீட்டு வந்ததற்கு என் மாமியார் அவரிடம் மூன்று நாள் பேசவில்லை. அந்த நாற்றம்தான் அன்றைக்கு என் மூக்கில் ஏறியது. அந்த சீட்டைவிட எனக்கு வேண்டியது உலகத்தில் இல்லை என்பது அந்த நேரம் மனசில் வரவே இல்லை. எதிரே ஒருத்தி உட்கார்ந்து பார்க்கிறாள் என்பதுதான் தெரிந்தது.

"என்னைக் கக்கூஸ் பக்கத்துலயா உக்கார வைக்க?" என்றேன். சத்தம் எனக்கே பெரிதாகக் கேட்டது. "ஆறு பிள்ள வளத்தவ நான். ஒன்னப் பெத்தவளா இருந்தா அங்க கொண்டுபோய் உக்கார வைப்பியாட்டி?"

"எம்மா..." என்றான் மகன்.

மருமகளின் அம்மா இரண்டு வருஷத்துக்கு முன்னால் படுத்த படுக்கையாகக் கிடந்து இறந்துபோனவள். கடைசி மாதங்களில் இவள் லீவு போட்டுவிட்டு ஊருக்குப் போய், எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுப் பார்த்தாள். அது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அப்போது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். 'ஏன் அத்தை, உங்களுக்குத்தானே' என்று ஆரம்பித்திருந்தால் போதும், கோயம்புத்தூர் அம்மா மீதியைப் பிடித்துக்கொண்டிருப்பாள், கட்டிடம் முழுக்கப் போயிருக்கும். அவள் சொல்லவில்லை.

"மாத்திருதேன் அத்தை" என்றாள். பெட்டியின் நடுவில் நாலு கட்டத்தை அழுத்தினாள். எழுந்து எல்லோருக்கும் டீ போடப் போய்விட்டாள்.

"நல்லா கேட்டீங்க்கா" என்றாள் கோயம்புத்தூர் அம்மா.

மறுநாள் மத்தியானம், நான் கிண்டி வைத்த புளிக்காய்ச்சல் பாட்டிலைப் பெட்டியில் வைக்கலாம் என்று போனேன். என் பெட்டியை மருமகள் ஏற்கெனவே அடுக்கி வைத்திருந்தாள். ஸ்வெட்டர், சாக்ஸ், இரண்டு கறுப்புப் பாவாடை. கறுப்புப் பாவாடை நான் கட்டுவதில்லையே, இது எதற்கு என்று தூக்கினேன். அடியில் அந்த ஷால் இருந்தது, காரில் என் மடிமேல் போட்டது. உள்ளே மெத்தென்று என்னவோ சுற்றியிருந்தது. பிரித்தால், பெரியவர்களுக்குக் கட்டிவிடுகிற அந்தப் பஞ்சுத்துணி. கடைக் கவரிலிருந்து எடுத்துவிட்டுச் சத்தம் வராதபடி துணியில் சுற்றி வைத்திருக்கிறாள்.

இந்த வயதிலும் எனக்கு முகம் எரிந்தது. கட்டிலில் உட்கார்ந்துவிட்டேன். கார் வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவள் தலை சுற்றும் என்று சொன்னது, லோசானில் ஒரு மணி நேரம், மூன்று ரயிலிலும் பார்த்துவிட்டேன் என்றது, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்தது. காரிலேயே தெரிந்திருக்கிறது. தன் அம்மாவிடம் பார்த்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா? நான் தினமும் மறைத்து மறைத்துக் காயப்போட்டதும் தெரிந்திருக்கும். நான் மறைப்பதை அவளும் சேர்ந்து மறைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். நானோ பாயைத் தெருவுக்குக் காட்டிக் காயப்போட்டவள்.

எல்லாவற்றையும் இருந்த மாதிரியே சுற்றி வைத்தேன். புளிக்காய்ச்சலை வைக்கவில்லை.

இன்றைக்குக் காலையில் மகன் ஆபீஸிலிருந்து போன் செய்தான். விசா வந்துவிட்டதாம். சாயங்காலம் வந்ததும் டிக்கெட்டுக்குப் பணம் கட்டிவிடுவானாம். "அதுக்கு மேல சீட்டு மாத்த முடியாது. ஒனக்கு நடு சீட்டு ஓகேதானம்மா?" என்றான். "ஓகே" என்றேன். போனை வைத்த பிறகு அந்தப் படத்தை நினைத்துப் பார்த்தேன். அந்த நடு சீட்டிலிருந்து, ஓடுகிற ரயிலில், அத்தனை வெள்ளைக்காரர்கள் நடுவில் நான் எழுந்து போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

அடுப்படிக்குப் போனேன். மருமகள் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்ன அத்தை?"

"தேங்காய் துருவட்டுமா?"

"துருவிட்டேன் அத்தை."

துருவிய தேங்காயை மூடி வைத்தேன். யாரிடமும் தப்பு என்று சொல்லிப் பழகாத வாய். மாமியாரிடம் சொல்லவில்லை, வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை, ஆறு பிள்ளைகளிடம் சொல்லவில்லை. இரண்டு தடவை திறந்து பார்த்தேன். "உப்பு பாத்துப் போடு" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அதைத்தான் சொல்ல முடிந்தது.

அதனால்தான் உட்கார்ந்து இதை எழுதினேன். மதியம் ஆரம்பித்தது, கை கடுக்கிறது. மகன் வருவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது. எனக்கு அந்தக் கக்கூஸ் பக்கத்து சீட்டுதான் வேண்டும். அவள் அம்மாவை இழுத்துப் பேசியது தப்பு. அடுப்படியில் பாத்திரம் கழுவுகிற சத்தம் நின்றுவிட்டது. பேத்தி சோபாவில் காலை நீட்டிப் படுத்து போன் பார்த்துக்கொண்டிருக்கிறாள். சனிக்கிழமை தமிழ் வகுப்புக்குப் போகிறவள், எழுத்துக் கூட்டி வாசித்துவிடுவாள்.

ஏ பிள்ள, போனைக் கீழ வச்சுட்டு இங்க வா. இதை முதல்ல இருந்து வாசி. சிரிப்பு வந்தா சிரிச்சுக்கோ, ஆனா நடுவுல நிறுத்தாத. சத்தமா வாசி, ஒங்க அம்மைக்கு அடுப்படியில கேக்கணும்.