குற்றாலத்தில் ஏழரை மணிப் பலகாரம்

சனிக்கிழமை பிற்பகல் மூன்று நாற்பதுக்கு மதுரை வண்டி எங்களைத் தென்காசியில் இறக்கிவிட்டது. நாற்பது நிமிஷம் தாமதம். எங்களை என்றால், என்னையும் என் அண்ணனையும். அண்ணனுக்கு முப்பத்தொரு வயது. தாலுகா ஆபீஸ் குமாஸ்தா. நான் மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியின் சோதனைச்சாலையில் வேலை பார்க்கிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் அண்ணனின் நீரிழிவு முதலில் தெரிந்ததே என் கையிலிருந்த கண்ணாடிக் குழாயில்தான். அன்று முதல் அவர் ஊரை விட்டு வெளியே போனதில்லை. சாரல் சமயத்தில் மூன்று நாள் குற்றாலம் போக வேண்டும் என்று அவர் கேட்டபோது, நான் கூடப் போவதானால் மட்டும் என்று அம்மா சம்மதித்தாள்.

பஸ்ஸில் கால் வைக்க இடமில்லை. ஒரு குதிரை வண்டிக்காரர் ஒன்றரை ரூபாய் கேட்டார். ஒன்றேகால் ரூபாய்க்கு வந்தார். காதர் பாய் என்று பெயர் சொன்னார். மேலகரம் வழியாக மூன்றரை மைல். மேலகரம் தாண்டும்போதே சாரல் பிடித்துக்கொண்டது. மழை என்று சொல்ல முடியாது. ஆனால் பத்து நிமிஷத்தில் சட்டை ஒட்டிக்கொள்ளும்.

“காலைல எங்கன சாப்பிடலாம் பாய்?” என்று அண்ணன் கேட்டார். அருவி எங்கே, எத்தனை அருவி என்று ஒன்றும் கேட்கவில்லை.

“அதுக்கென்ன, கடைக்கா பஞ்சம்? குளிச்சிட்டு வாற பசிக்கு கல்லக் குடுத்தாலும் திங்கலாம்” என்றார் பாய். “ஆனா பெரிய கடைன்னா நிக்கணும். சின்னக் கடைன்னா புகை. எதையாவது ஒண்ண சகிச்சிக்கிடுங்க.”

அறை வாடகை நாளைக்கு நான்கு ரூபாய். பெட்டியை வைத்துவிட்டு, ஆறு மணிக்கு நோட்டும் பென்சிலுமாக நான் கடைத்தெருவுக்குப் புறப்பட்டேன். வேடிக்கை பார்க்க அல்ல. இன்சுலின் ஊசி போட்டால் அரை மணி நேரத்துக்குள் சாப்பிட்டாக வேண்டும். சாப்பிடாவிட்டால் இரத்தத்தில் சர்க்கரை இறங்கிக்கொண்டே போகும். முதலில் வியர்வை, பிறகு நடுக்கம், பிறகு நாக்குழறலும் காரணமில்லாத கோபமும், அப்புறம் மயக்கம். மயக்கத்துக்கு அப்புறமும் ஒன்று உண்டு. அதை நான் வார்டில் ஒரு தடவை பார்த்திருக்கிறேன்.

ஆகவே, காலையில் எங்கே சாப்பிடுவது என்பது எனக்கு ருசியைப் பற்றிய கேள்வி அல்ல. ஐந்து கடைகளைப் பார்த்தேன். அறை வாசலிலிருந்து எத்தனை எட்டு, எத்தனை மணிக்கு அடுப்பு பற்றும், உட்கார்ந்தபின் இலையில் ஏதாவது விழ எத்தனை நிமிஷம், இவற்றைக் கேட்டுக் குறித்தேன். இரண்டு கடைகள் எட்டு மணிக்குத்தான் திறக்கும், அடித்துவிட்டேன். ஒன்று அருவிக்கரையில், அறுநூறு எட்டு தூரம், அதையும் அடித்தேன். மிஞ்சியவை இரண்டு. ஒன்று, எங்கள் விடுதிக்கு எதிர்ச்சாரியில் முப்பது எட்டில் ஓர் அம்மாள் நடத்தும் இட்லிக் கடை. ஆறு மணிக்கே தயார், இட்லி ஆறு நயா பைசா. மற்றது பஸ் நிற்கும் இடத்துக்குப் பக்கத்தில் பெரிய ஓட்டல். இருநூற்று நாற்பது எட்டு, சலவைக்கல் மேஜை, ரவா தோசை இருபத்தைந்து நயா பைசா.

“இட்லிக் கடைதான்” என்றேன்.

அண்ணன் எதிர்ச்சாரிக்குப் போய், உள்ளே தலையை நீட்டிவிட்டுத் திரும்பி வந்தார். “ஈர விறகு. கண்ணு எரியுது. பாப்பா, ரெண்டு வருஷமா நீ அளந்து வச்சதத்தான் தின்னுட்டு இருக்கேன். மூணு நாளு. ஒரு ரவா தோசை. அதுக்கும் நீ கணக்குப் போட்டுக்க, நான் வேண்டாங்கல.”

அவர் முகத்தைப் பார்த்துவிட்டு நான் சரி என்றேன். பட்டியலில் முதலாவதாக இருந்ததை விட்டு இரண்டாவதை எடுத்தேன். இந்தக் கட்டுரையில் நான் கோபப்படப்போகிறவர்களில் முதல் ஆள் நானே.

ஞாயிற்றுக்கிழமை, ஐந்து ஐம்பது. ஸ்பிரிட் விளக்கைப் பற்றவைத்து அண்ணனின் சிறுநீரைச் சோதனை செய்தேன். நீல மருந்து பச்சையாகி மஞ்சளில் நின்றது, சர்க்கரை இருக்கிறது. சரியாக ஏழு மணிக்கு இருபத்துநான்கு யூனிட் இன்சுலின். ஏழு ஆறுக்கு ஓட்டல் வாசலில் இருந்தோம்.

வாசலில் ஒரு பலகை: ‘பெண்கள் உள்ளே’. கூடத்தின் பின்பக்கம் ஆள் உயரத் தட்டி. அதற்கு அப்பால் பெண்களுக்கான அறை. மற்ற ஊர்களில் குடும்பத்தோடு வரும் ஆண்கள் பெண்களுடன் அங்கே போய் உட்காரலாம். இங்கே சீசனில் கூடாது. அருவியில் குளித்துவிட்டுப் பெண்கள் ஈரச் சேலையோடும் ஈரத் தலையோடும் நேரே வருவதால், புருஷனானாலும் தட்டியைத் தாண்டக் கூடாது என்பது வழக்கம். என் சேலை உலர்ந்துதான் இருந்தது. அதைச் சொன்னேன்.

“எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்க்கா” என்றார் பரிமாறுகிறவர். “அண்ணாச்சி இங்கன இருக்கட்டும். நீங்க உள்ள போங்க.”

“இவர் ஊசி போட்டிருக்கிறார். ஏழரைக்குள் ஏதாவது சாப்பிட்டாக வேண்டும்.”

“ஆட்டும்க்கா, ஆட்டும்.”

அண்ணனை இட்லி கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். அவர் தலையாட்டினார். தட்டிக்கு அந்தப் பக்கம் பரிமாற வேறோர் ஆள். ஏழு இருபதுக்கு என் இலையில் நான்கு இட்லி வந்துவிட்டது. இங்கே இவ்வளவு சீக்கிரம் வருகிறதே, அங்கேயும் வந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு சாப்பிட்டேன். ஊகத்தைக் குறிக்க என் நோட்டில் இடம் கிடையாது. இருந்தும் அன்று ஊகித்தேன். நடுவில் ஒரு தடவை எழுந்து தட்டியின் ஓரமாய் எட்டிப் பார்க்கப் போனேன். “அங்கிட்டு ஆம்பளைய இருக்காவ, உக்காருங்க” என்று ஈரத் தலையோடு ஒரு பெண்ணே என்னை உட்காரவைத்தாள்.

ஏழு ஐம்பதுக்குக் கை கழுவிவிட்டு வெளியே வந்தேன். அண்ணன் இருந்த இடத்தில் ஒரு பெரியவர் ரவா தோசை சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

“இங்கே இருந்தவர் எங்கே?”

பெரியவர் வாயில் தோசையோடு கல்லாவைக் கைகாட்டினார். கல்லாவில் முதலாளி.

“அந்த ஆளு கூட வந்தவுகளா நீங்க?” என்னை மேலும் கீழும் பார்த்தார். “பாத்தா படிச்ச புள்ளையாத் தெரியுது. காலங்காத்தால புளியரை தாண்டிப் போய் ஊத்திட்டு வந்திருக்காரு. நாக்கு குழறுது, கை நடுங்குது, தண்ணி டம்ளரத் தட்டி விட்டுட்டாரு. தோசை ஏன் வரலன்னு பரிமாறுதவனப் போட்டு ஏசுதாரு. இது குடும்பம் வந்து போற கடை. வெளிய கொண்டு விடச் சொல்லிட்டேன்.”

படிக்கிறவர்களுக்கு ஒரு விளக்கம். நம் ராஜ்யத்தில் மதுவிலக்கு. செங்கோட்டைக்கு அப்பால் புளியரை. அதைத் தாண்டினால் கேரளம். அங்கே கடை திறந்திருக்கும். ஆகவே இந்தப் பக்கத்தில் தள்ளாடுகிறவன் எவனும் மலை தாண்டிப் போய் வந்தவன். ஊர் அவ்வளவு நிச்சயமாக இருக்கிறது.

“அவர் குடிக்கவில்லை. அவருக்கு நீரிழிவு. சர்க்கரை இறங்கியிருக்கிறது. எந்தப் பக்கம் போனார்? கொஞ்சம் சர்க்கரை கொடுங்கள்.”

முதலாளி சிரித்துவிட்டார். பக்கத்தில் நின்ற பரிமாறுகிறவரைப் பார்த்து, “ஏலே, கேட்டியா? சீனி வியாதியாம். அதுக்குச் சீனி வேணுமாம்” என்றார். கூடத்தில் நாலு பேர் சிரித்தார்கள்.

எனக்குக் குரல் உயரவில்லை. காப்பி போடும் மேடைக்குப் போய் அங்கிருந்த சர்க்கரை டப்பாவை எடுத்துக்கொண்டு வெளியே நடந்தேன். பின்னால் ஏதோ கத்தினார்கள்.

அண்ணனின் சட்டைப் பையில் எப்போதும் ஒரு கல்கண்டுப் பொட்டலம் இருக்கும். அதுவும் நேற்றுச் சாரலில் நனைந்த சட்டையோடு அறையில் கொடியில் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் மாற்றுச் சட்டை போட்டதை நான் கவனிக்கவில்லை. ஓடும்போதுதான் நினைவுக்கு வந்தது.

அருவிக்குப் போகும் ரோட்டில் நூறு எட்டு தள்ளி, கும்பல். குளித்துவிட்டு வருகிறவர்கள் துண்டும் எண்ணெய்க் கிண்ணமுமாக நின்று பார்த்தார்கள். “சனிக்கிழமையே ஆரம்பிச்சிருப்பான் போல” என்று ஒருவர் சொல்ல, மற்றவர் ஆமோதித்தார். நடுவே மைல்கல்லில் சாய்ந்து அண்ணன் உட்கார்ந்திருந்தார். குளிர்ந்த சாரலில் அவர் சட்டை வியர்வையால் நனைந்திருந்தது. அவர் விழுந்துவிடாமல் தோளைப் பிடித்துக்கொண்டிருந்தவர் காதர் பாய். சவாரிக்கு வந்து வண்டியை அப்படியே விட்டிருந்தார்.

“வந்துட்டியளா தங்கச்சி” என்றார். “குடிச்சிட்டாரு குடிச்சிட்டாருன்னு அம்புட்டுப் பேரும் சொல்லுதாவ. நான் வாய மோந்து பாத்தேன். ஒண்ணும் இல்ல. பல்பொடி வாசந்தான் வருது. அதான் விடாம பிடிச்சிக்கிட்டு இருக்கேன்.”

அண்ணனைக் கூப்பிட்டேன். என்னை யாரோ என்பது போலப் பார்த்தார். விழுங்குகிறாரா என்று தொண்டையைத் தொட்டுப் பார்த்தேன், விழுங்கினார். விரலில் சர்க்கரையை எடுத்துக் கன்னத்துக்குள் தேய்த்தேன். துப்பினார். மறுபடி தேய்த்தேன். என் விரலைக் கடித்தார். பாய் அவர் தாடையைப் பிடித்துக்கொண்டு, “முழுங்குங்க அண்ணாச்சி, மருந்துதான், முழுங்குங்க” என்று குதிரையிடம் பேசுகிற குரலில் சொல்லிக்கொண்டே இருந்தார். ஐந்தாவது தடவை நாக்கைச் சப்பினார். பாய் ஓடிப்போய் ஒரு டம்ளர் தேநீர் வாங்கிவந்தார். அதில் நான்கு கரண்டி சர்க்கரையைக் கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன்.

எட்டு பதினைந்துக்கு அண்ணன் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்து, “தோசை வந்திருச்சா பாப்பா?” என்றார்.

அறைந்திருப்பேன். கை முழுக்கச் சர்க்கரை.

“உங்களை இட்லி கேட்கச் சொன்னேனே.”

“ரவா தோசை பத்து நிமிஷம்னு சொன்னான். பத்து நிமிஷந்தானேன்னு…” அவர் கண்களில் நீர் நின்றது. “ரெண்டு பேரு கக்கத்துல கையக் குடுத்துத் தூக்கினாங்க பாப்பா. வாயத் தொறந்தா பேச்சு வரல.”

பாய் எங்களை வண்டியில் ஏற்றி இட்லிக் கடையில் இறக்கினார். ஈர விறகுப் புகையில் அண்ணன் ஆறு இட்லி சாப்பிட்டார். வண்டிச் சத்தம் எத்தனை ரூபாய் என்று கேட்டேன். “சவாரியா இது” என்று சொல்லிவிட்டுப் பாய் குதிரையைத் திருப்பினார்.

ஒன்பதே காலுக்குச் சர்க்கரை டப்பாவோடு ஓட்டலுக்குப் போனேன். கல்லா மேல் வைத்தேன்.

“உங்கள் கடையில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள்?”

“ஏன், பதினாலு பேரு.”

“பதினாலு பேரில் ஒருவராவது அவர் வாயை மோந்து பார்த்தீர்களா?”

முதலாளி டப்பாவைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். அதற்குள் வண்டிக்காரர்கள் மூலம் விஷயம் வந்திருக்க வேண்டும். “தப்புத்தாம்மா” என்றார். “ஆனா நாங்க என்னத்தக் கண்டோம்? உள்ள நீங்க இருக்கியன்னு யாருக்குத் தெரியும்?”

“தெரியக் கூடாது என்றுதானே தட்டி வைத்திருக்கிறீர்கள்.”

“நாளைக்கு நீங்க வரவே வேண்டாம். ரூமுக்கே குடுத்து விடுதேன். துட்டும் வேண்டாம்.”

மரியாதையாகத்தான் சொன்னார். வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை, ஏழு மணிக்கு ஊசி. அண்ணன் எதிர்ச்சாரி இட்லிக் கடைப் பக்கம் திரும்பினார். “அங்கே அப்புறம்” என்று சொல்லி, அதே ஓட்டலுக்கு அழைத்துப் போனேன். அவர் நடுவழியில் நின்றார். “எல்லாரும் என்னப் பாப்பாங்க.”

“அவர்கள் பார்க்கத்தான் போகிறோம்.”

கூடத்தில் நடுமேஜையில் அவரை உட்காரவைத்து எதிரில் நான் உட்கார்ந்தேன். நேற்றைய பரிமாறுகிறவர் வந்தார். “அக்கா, பொம்பளைய உள்ள…”

“இங்கிருந்தால் இவர் முகம் தெரிகிறது. நான்கு இட்லி இவருக்கு. முதலில் அது வரட்டும்.”

“ஆம்பளைய பாக்காவல்லா.”

“பார்க்கட்டும்.”

பக்கத்து மேஜைக்காரர் இலையைத் தூக்கிக்கொண்டு வேறு இடம் போனார். இன்னொருவர் சுவரைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார். அண்ணன் தலை குனிந்திருந்தார், காது சிவந்திருந்தது. பரிமாறுகிறவர் கல்லாவைப் பார்த்தார். முதலாளி எங்களை ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு, “ஏலே, என்ன முழிச்சிக்கிட்டு நிக்க? கொண்டா” என்றார்.

ஏழு பன்னிரண்டுக்கு இட்லி வந்தது. அண்ணன் சாப்பிட்டு முடிக்கும்வரை நான் எதையும் தொடவில்லை. பிறகு அவருக்கு ஒரு ரவா தோசை சொன்னேன். பதினெட்டு நிமிஷம் ஆயிற்று. அவர் ஓரத்தைக் கொஞ்சம் பிய்த்துத் தின்றுவிட்டு, “நல்லாத்தான் இருக்கு” என்றார். மீதியை வைத்துவிட்டார்.

அன்று பிற்பகலே கிளம்பிவிட்டோம். ஐந்தருவி பார்க்கவில்லை. இந்தக் கட்டுரையை அருவிக்காகப் படித்தவர்கள் மன்னிக்க வேண்டும்.

செவ்வாய்க்கிழமை காலை, ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் நான் வழக்கமாகக் காப்பி சாப்பிடும் கடையில் நுழைந்தேன். மதுரையில் அருவி கிடையாது. ஈரச் சேலையோடு யாரும் வருவதில்லை. அங்கேயும் வாசலுக்கு மேலே அதே பலகை, உள்ளே அதே உயரத்தில் தட்டி. படிப்பு முடிந்து வேலைக்கு வந்த நாளிலிருந்து தினமும் அந்தப் பலகைக்குக் கீழே குனிந்து உள்ளே போய், காப்பி குடித்துவிட்டு வந்திருக்கிறேன். ஒரு நாளும் எனக்குக் கோபம் வந்ததில்லை. குற்றாலத்து முதலாளி மேல் இருந்த கோபம் ரயிலிலேயே பாதி குறைந்துவிட்டது. தினமும் குனிந்து போய்வந்த என் மேல் வந்த இந்தக் கோபம் குறையவில்லை.