விளக்கெண்ணெயில் ஓடிய மோட்டார் சைக்கிள்

ரயில் இன்னும் பதுளைக்கு வந்திருக்கவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றில் உதவி நிர்வாகியான வெள்ளைக்காரச் சின்னத்துரை வேலையை விட்டுச் சீமைக்குப் போனபோது, இரண்டு மோட்டார் சைக்கிள்களை அங்கேயே விட்டுவிட்டுப் போனார். ஒன்றைத் தோட்டத்து டாக்டர் வைத்துக்கொள்ளட்டும், மற்றதை விற்றுவிடலாம் என்றார் பெரியதுரை. டாக்டர் என்றால் மருந்து கலக்கப் படித்த டிஸ்பென்சர்தான். லயம் என்ற வரிசை வீடுகளில் இருந்த தொழிலாளர்களுக்கு அவர் டாக்டரய்யா. யாழ்ப்பாணத்துக்காரர். மோட்டார் வண்டி எதையும் தொட்டுப் பார்த்ததில்லை. அதனால் என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

நான் பதுளையில் ஒரு முஸ்லிம் முதலாளியின் கடையில் மூட்டை தூக்கிக்கொண்டிருந்தேன். அவருடைய காரைக் கழுவப் போய், அதைக் கழற்றிப் பூட்டவும் பழகியிருந்தேன். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றது. எந்த ஊரிலும் நான் அதிக நாள் நின்றதில்லை. டாக்டர் சாப்பாடும் மருந்துச்சாலைத் தாழ்வாரத்தில் படுக்க இடமும் தருவதாகச் சொன்னார். தாழ்வாரத்தில் ஒழுகாத மூலை ஒன்று இருந்தது. போய்விட்டேன்.

பெரியது ஃபோர் ஸ்ட்ரோக். தார் போடாத ரோட்டிலும் நிதானமாக ஓடும்; பசறை ஏற்றத்தில் மூச்சு வாங்காது. ஆனால் எருமை கனம். தோட்டத்தின் மேல் பகுதியான மேல் டிவிசனுக்குப் போகும் பாதை தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதை. மழைத்தண்ணீர் ஓடும் கான் குறுக்கிடும் இடங்களில் வண்டியைத் தூக்கித்தான் கடக்கவேண்டும். அதைத் தூக்கும்போது ஒருமுறை என் கெண்டைக்கால் சூட்டுக்குழாயில் வெந்தது. சின்னது டூ ஸ்ட்ரோக். வால்வு கிடையாது, கெட்டுப்போகவும் அதிகம் ஒன்றும் கிடையாது. நான் ஒருவனே தூக்கிவிடுவேன். ஒரே குறை, அது எண்ணெயையும் சேர்த்து எரிக்கும். எரித்துப் புகையாகத் தள்ளும். இஞ்சின் எண்ணெய் வாங்கப் பதுளைக்குத்தான் போகவேண்டும்.

"விளக்கெண்ணெய் ஊத்தினா ஓடாதோ?" என்றார் டாக்டர். "மருந்துச்சாலையில பீப்பாய் பீப்பாயாக் கிடக்கு."

ஓடியது. நன்றாகவே ஓடியது. சின்னதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டேன். எந்த வண்டி என்பது எனக்கு ரோட்டையும் பாதையையும் வைத்துப் போடும் கணக்காகவே பட்டது.

அந்தச் சமயத்தில்தான் மேல் டிவிசன் கங்காணி வந்து, லயத்தில் ஒரு பெண்ணுக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், பிள்ளைக்குப் பால் கொடுக்கக்கூடத் தெம்பில்லை என்றார். மலேரியாக் காய்ச்சல். அதே லயத்தில் முந்தின மாதம் ஒருத்தி அதில்தான் செத்திருந்தாள். கொயினா மருந்து நாள் தவறாமல் உள்ளே போனால் பிழைப்பாள் என்று டாக்டர் சொன்னார். அவரைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஏறினேன்.

அவளுடைய காம்பராவில், அந்த ஒற்றை அறை வீட்டில், யாரும் இல்லை. அடுப்பு புகைந்தது. பாயைத் தொட்டுப் பார்த்தேன், சூடு இருந்தது. கங்காணி லயம் முழுக்கக் கூப்பிட்டுப் பார்த்தார். மறுநாளும் போனோம். அன்றும் வெறும் பாய்தான். மழை வேறு பிடித்துக்கொண்டது.

"சாகக் கிடக்கிறவள் எங்க காணும் ஓடுறாள்?" என்று டாக்டர் என்னிடம் கத்தினார். எனக்கு என்ன தெரியும்?

அடுத்த நாள் பாதை தொடங்கும் இடத்திலேயே, ஈரத்தில் வழுக்கி வழுக்கி, வண்டியின் பெல்ட் அறுந்தது. அவர் குடையை விரித்துக்கொண்டு நடக்கத் தொடங்கினார். மருந்துப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு நான் பின்னால் போனேன். அட்டை காலெல்லாம் ஏறியது. லயத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண் பாயில் கிடந்தாள். உடுத்தியிருந்த சேலை முந்தின நாள் ஈரம் இன்னும் காயாமல் இருந்தது. மாமியார்க்காரி கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். எங்களைக் கண்டதும் கையில் அகப்பையோடு வாசலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"வண்டியில வரலையா? ஏமாத்திப்புட்டீங்களே டாக்டரய்யா!"

"ஏன் ஒளிச்சனீங்கள்?"

"ஒளியாம? பேதி மருந்து குடுத்து அவளை அனுப்பிடலாம்னு பாக்குறீங்களா?"

"ஆர் சொன்னது பேதி எண்டு?"

"ஆரு சொல்லணும்? வெளக்கெண்ணெ வாசம் கீழ் வளைவுலயே வந்துருதே! லயம் பூரா மூக்கைப் பொத்திக்கிட்டுத் தேயிலைக்குள்ள பூந்துருது. நேத்து கங்காணியே பூந்துட்டாரு, கேட்டுப் பாருங்க."

எங்கள் பின்னால் வந்து சேர்ந்திருந்த கங்காணி கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுக்கும் நாளில் லயத்து ஆட்களைக் காலையில் பேர் கூப்பிடும் பெரட்டில் வரிசையாக நிறுத்தி, வெறும் வயிற்றில் மருந்தையும் அதன் மேல் விளக்கெண்ணெயையும் ஊற்றுவார்கள். அன்று வேலைக்குப் போக முடியாது, பேரும் விழாது, கூலி போய்விடும். போன தடவை இந்தக் காய்ச்சல்காரப் பெண் இரண்டு நாள் எழுந்திருக்கவில்லையாம்.

"காய்ச்சல்ல கெடக்கிறவ வயித்தைக் கழுவுனா உசுரு நிக்குமாய்யா?" என்றாள் மாமியார். அவள் கேட்டதில் பிழையில்லை என்று டாக்டரும் ஒப்புக்கொண்டார். கொயினாவை எடுத்து நுனிவிரலில் தொட்டு மாமியார் நாக்கில் வைத்தார். அவள் முகம் கோணியது.

"கசக்குது."

"விளக்கெண்ணெய் கசக்குமோ?"

அகப்பையை இறக்கிவிட்டு வழியை விட்டாள்.

இறங்கும்போதுதான் எனக்கு உறைத்தது. எந்த வண்டி மேடு ஏறும், எது மழையில் நிற்கும் என்று நாங்கள் பார்த்தோம். வண்டி போய்ச் சேரும் இடத்தில் ஆள் இருக்குமா என்று பார்க்கவில்லை. இஞ்சின் எண்ணெய் வாங்கி ஊற்றலாம் என்றேன். அந்த வண்டியின் சத்தமும் இனி அவர்களுக்குத் தெரியும் என்றார் டாக்டர். இன்னும் விற்காமல் நின்ற பெரியது ரோட்டுக்குப் போதும், பாதைக்குக் கால் இருக்கிறது என்று முடிவு செய்தார். சின்னதன் பெல்ட்டை ஒட்டுப்போட்டு நானே பதுளைக்கு ஓட்டிக்கொண்டுபோய் விற்றுவிட்டு வந்தேன்.

பிறகு தினமும் பெரியதைப் பாதை தொடங்கும் இடத்தில் மரத்தடியில் நிறுத்திவிட்டு ஏறினோம். ஒரு நாளும் பாய் காலியாக இல்லை. காய்ச்சல் விட்டுப்போனது; அந்தப் பெண் சுவரில் சாய்ந்து பிள்ளைக்குப் பால் கொடுக்கத் தொடங்கினாள். ஒருநாள் நல்ல மழையில் பிந்திப் போனோம். மாமியார் வாசலில் நின்றிருந்தாள்.

"இம்புட்டு நேரமா? மருமவ மருந்துக்காகக் காத்துக்கெடக்குறா!"

"நடந்தெல்லோ வாறம், ஆச்சி."

"நடந்தே வாங்க. கொஞ்சம் வெரசா நடங்க" என்றாள்.