ஞாயிற்றுக்கிழமை முறை

எழுபதாம் ஆண்டு மாசி மாதம் என் புருஷன் நெருப்புக் காய்ச்சலோடு தெல்லிப்பழை ஆஸ்பத்திரியில் கிடந்தார். ஆளைத் தெரியாமல் பிதற்றினார். தோட்டத்தில் வெங்காயம் மண்ணுக்குள் திரளுகிற நேரம். புதன்கிழமை இறைக்க ஆள் இல்லை. ஞாயிறும் இறைக்காவிட்டால் பாத்தியோடு கருகிவிடும். அதைவிடப் பெரிய பயம் ஒன்று எனக்குள் இருந்தது. இந்த மனிசன் என் அண்ணையோடு கதைக்காமலே, கர்த்தருடைய பந்தியில் இருக்காமலே கண்ணை மூடிவிடப் போகிறாரோ என்ற பயம்.

நான் சபையில் எழும்பி நின்று கதைக்கிறவள் இல்லை. எழும்பினால் வாய் உலர்ந்துவிடும், அழுதும் விடுவேன். போதகர் ஐயா விடாமல் கேட்டதால் எழுதித் தருகிறேன். வாசிக்கிற பிள்ளை ஆறுதலாக வாசிக்கட்டும். இது முழுக்கச் சந்தோஷமான சாட்சி இல்லை என்பதை முதலே சொல்லிவிடுகிறேன். ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார். அதில் எனக்கு எள்ளளவும் சந்தேகமில்லை. ஆனால் அதற்கு முன் நாங்கள் மண்ணாக்கிய காலத்தை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு எரியும்.

கதை கிணற்றில் தொடங்குகிறது. எங்கள் கோயிலுக்குப் பின்வேலியோடு இருக்கிற தோட்டக் கிணறு பலருக்குப் பங்கு. இன்ன நாள் இன்னார் இறைக்கிறது என்று முறை உண்டு. ஐம்பத்தாறில் எனக்குக் கலியாணம் நடந்தபோது என்னைப் பெற்ற ஐயா சீதனமாகத் தந்த காணியோடு ஞாயிறும் புதனும் எங்களுக்கு வந்தது. அண்ணைக்குச் செவ்வாயும் வெள்ளியும். மற்ற நாட்கள் பக்கத்துத் தோட்டத்துச் சைவக்காரருடையவை. ஐயா யோசித்துத்தான் பிரித்தாரோ, யோசியாமல் பிரித்தாரோ, தெரியாது. பெண்பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை விழுந்தது. அவ்வளவுதான்.

அந்த நாளில் ஆள் ஏறி மிதிக்கிற துலாவால்தான் இறைப்பு. என்னவர் விடிய முன்னம் ஆள் பிடித்து இறைக்கத் தொடங்கினாலும் ஆராதனை மணி அடிக்கும்போது பாதித் தோட்டம் கிடக்கும். மிச்சத்தை முடித்துக் கால் கழுவிக்கொண்டு ஓடி வருவார். பிரசங்கம் பாதி போயிருக்கும். பின்வரிசை வாங்கில் இருப்பார். வெட்கப்பட்டுக்கொண்டேதான் இருப்பார். சைவக்காரரிடம் நாள் மாற்றக் கேட்டும் பார்த்தார். அவர்களுக்கும் பயிர் இருந்தது, சரிவரவில்லை.

அறுபதாம் ஆண்டு ஒரு இராப்போசன ஞாயிறு, கர்த்தருடைய பந்தி நாள். என் அண்ணை அப்போது சபை மூப்பர். நல்ல மனிசன், ஆனால் ஒழுங்கு என்றால் ஒழுங்கு. அதற்கு முந்தின கிழமைதான் சபைக் கூட்டத்தில், ஓய்வுநாளில் தோட்டம் இறைக்கிறவர்கள் பந்திக்கு வரக்கூடாது என்று அவரே சொல்லித் தீர்மானம் எடுத்திருந்தார்கள். என்னவர் அந்தக் கூட்டத்துக்குப் போகவில்லை. வழக்கம்போல் ஈரக் காலோடு வந்து படியில் ஏறினார். அண்ணை வாசலில் நின்று மறித்தார்.

"மச்சான், இண்டைக்கு நீர் வெளியிலை இரும். சபையின்ரை தீர்மானம்."

"உமக்குச் செவ்வாயும் வெள்ளியும். எனக்கு ஞாயிறு. தீர்மானம் போடுறது உமக்குச் சுகம்தானே."

"நான் உம்மை ஒருத்தனுக்காகப் போடேல்லை."

"ஞாயிறு இறைக்கிறவன் இந்தச் சபையிலை வேறை ஆர் இருக்கிறான்? சொல்லும் பாப்பம்."

அண்ணை வாசலை விட்டு விலகவில்லை. என்னவர் தோளில் கிடந்த துவாயை உதறிவிட்டுத் திரும்பிப் போனார். நான் உள்ளே பெண்கள் பக்கத்தில் மூன்று வயது அருளை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன். எல்லாம் காதில் விழுந்தது. எழும்பிப் பின்னால் போகவா, இருக்கவா என்று தெரியாமல் தவித்துப்போனேன்.

இதை வாசிக்கிறவர்கள் ஒன்றை அறிய வேண்டும். அந்த விஷயத்தில் நியாயம் என் புருஷன் பக்கம் என்றுதான் நான் நினைத்தேன். இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் அடுத்த ஞாயிறு கோயிலுக்குப் போனேன். அதற்கடுத்த ஞாயிறும் போனேன். அண்ணை நின்ற அதே வாசலால்தான் உள்ளே போனேன். என்னவர் கேட்டார், "அவமானப்படுத்தின இடத்துக்கு என்னெண்டு போறாய்?" நான் சொன்னேன், "இஞ்சாருங்கோ, அது அண்ணையின்ரை வீடெண்டால் நான் மிதிக்கமாட்டன். அது ஆண்டவற்றை வீடு." அவர் என்னை மறிக்கவில்லை. அது அவருடைய பெருந்தன்மை. ஆனால் ஒரு கட்டளை போட்டார். "உன்ரை அண்ணரிட்டை என்னைப் பற்றி நீ வாய் திறக்கப்படாது. கெஞ்சினதெண்டு வரக்கூடாது." அண்ணையும் என்னைக் கண்டால் தலையை ஆட்டுவார், மற்றப் பக்கம் பார்ப்பார்.

வேறு சபைக்கும் அவர் போகவில்லை. "எனக்கும் தேவனுக்கும் நடுவிலை மூப்பர் எதுக்கு?" என்பார். முதல் கொஞ்சக் காலம் கிணற்றடியில் இருந்து வேதம் வாசித்தார். பிறகு அதுவும் நின்றுவிட்டது. தனியாக இருந்தால் அப்படித்தான் போலும். சண்டை பிடிக்கவாவது நாலுபேர் பக்கத்தில் வேண்டும். அருள் கொஞ்சம் வளர்ந்ததும் ஞாயிறு காலையில் தகப்பனுக்குப் பின்னால் மண்வெட்டியைத் தூக்கிக்கொண்டு தோட்டத்துக்குப் போவான். ஓய்வுநாட் பாடசாலைக்கு வா என்றால், "அப்பா வரட்டும், நானும் வாறன்" என்பான்.

பிறகு மிசின் வந்தது. மண்ணெண்ணெயில் ஓடுகிற இறைப்பு மிசின். கயிற்றைச் சுற்றி இழுத்தால் ஊருக்கே கேட்கும். எங்கள் கோயிலுக்கும் கிணற்றுக்கும் இடையில் ஒரு கிடுகு வேலிதான். ஆராதனை தொடங்கினால் அந்தச் சத்தமும் தொடங்கும். பாட்டு, ஜெபம், பிரசங்கம், எல்லாவற்றுக்கும் அடியில் டுக்கு டுக்கு என்று அது ஓடிக்கொண்டே இருக்கும். வேண்டுமென்றுதான் அந்த நேரத்தில் முடுக்கினாரோ என்று எனக்கு ஒரு எண்ணம் உண்டு. மிசின் இருந்தால் விடியவே முடித்திருக்கலாம்தானே. சபையார் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். அண்ணை முன்வாங்கில் கல்லுப்போல இருப்பார். நான் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு ஒவ்வொரு கிழமையும் ஒரே ஜெபம்தான் பண்ணுவேன். ஆண்டவரே, இந்தச் சத்தத்தை நிறுத்தும். என்னவரை உள்ளே கொண்டுவாரும். வருடக் கணக்காக இதைக் கேட்டேன்.

அப்படியிருக்கத்தான் அந்த மாசி மாதம் காய்ச்சல் வந்தது. சனிக்கிழமை டொக்டர் ஒன்றும் உறுதியாகச் சொல்லவில்லை. அருளைத் தகப்பனோடு விட்டுவிட்டு, ஆடுமாட்டைப் பார்க்க நான் வீட்டுக்கு வந்தேன். ஞாயிறு மத்தியானம்தான் இனி உள்ளே விடுவார்கள். அதனால் காலையில் கோயிலுக்குப் போனேன்.

முதல் பாட்டுப் பாடும்போதே எனக்கு விளங்கிவிட்டது. சத்தம் இல்லை. மிசின் ஓடவில்லை. வருடக் கணக்கில் அதைக் கேட்டுக் கேட்டுப் பழகின சபை, அந்த அமைதியில் என்ன செய்வதென்று தெரியாமல் இருந்தது. பாட்டு முடிந்ததும் ஒருவர் இருமுவதுகூடப் பெரிதாகக் கேட்டது. நான் கேட்ட ஜெபம் அப்படியே நடந்துவிட்டது. சத்தம் நின்றுவிட்டது. ஐயோ ஆண்டவரே, நான் இப்படியா கேட்டேன்? வாங்கைப் பிடித்துக்கொண்டு, மிசின் ஓடட்டும், ஓடிக்கொண்டே இருக்கட்டும், அவரை எனக்குத் தாரும் என்று அழுதேன். கோயிலுக்குள் இருந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை மிசின் ஓடவேண்டும் என்று ஜெபித்தவள் உலகத்திலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பிரசங்கம் தொடங்கிக் கொஞ்ச நேரத்தால் அண்ணை எழும்பினார். முன்வாங்கிலிருந்து எழும்பி, நடுவழியால் நடந்து வெளியே போனார். மூப்பர் பிரசங்கத்துக்கு நடுவில் எழும்பிப் போனதை நாங்கள் முன்பின் கண்டதில்லை. தலைசுற்றாக்கும் என்று நினைத்தேன்.

பிறகு வேலிக்கு அப்பால் ஒரு இழுவைச் சத்தம். நின்றது. இன்னொரு இழுவை. அதுவும் நின்றது. மூன்றாவது இழுவையில் மிசின் பிடித்துக்கொண்டது. டுக்கு டுக்கு டுக்கு.

அப்போது புதிதாக வந்திருந்த போதகர் ஐயா வாசித்த இடத்தில் விரலை வைத்துக்கொண்டு காது கொடுத்தார். அவருக்கும் முழுக் கதையும் தெரியும். "இருக்கட்டும்," என்றார். "இண்டைக்கு அது இருக்கட்டும்." பிறகு விட்ட இடத்திலிருந்து பிரசங்கித்தார். என்ன பிரசங்கித்தார் என்று எனக்கு ஞாபகமில்லை.

மத்தியானம் பஸ்ஸுக்கு நான் நிற்க, அண்ணையும் வந்து பக்கத்தில் நின்றார். வேட்டிக் கரையெல்லாம் சேறு. "நானும் வாறன் பிள்ளை," என்றார். ஆஸ்பத்திரியில் என்னவருக்கு அன்றைக்குத்தான் காய்ச்சல் கொஞ்சம் இறங்கி ஆளைத் தெரிந்தது. அண்ணையை மேலிருந்து கீழே பார்த்தார். பார்வை வேட்டிக் கரையில் நின்றது.

"என்ன மச்சான், சேறு?"

"பாத்தி பாத்தியாத் தண்ணி மாறினனான். உம்மடை வெங்காயத்துக்கு."

"இண்டைக்கு ஞாயிறெல்லே?"

"ஓம். ஞாயிறுதான்."

என்னவர் மற்றப் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது. அண்ணை கட்டில் விளிம்பில் இருந்தார். "செவ்வாயும் வெள்ளியும் நீர் எடும். ஞாயிறும் புதனும் எனக்குத் தாரும். எல்லாம் ஒரே கிணத்துத் தண்ணிதானே," என்றார்.

"இதை அண்டைக்கே சொல்லியிருக்கலாமே."

"நீர் கேப்பீர் எண்டு பாத்துக்கொண்டு இருந்தனான்."

"நீர் தருவீர் எண்டு நானும் பாத்துக்கொண்டு இருந்தனான்."

எனக்கு இரண்டு பேருக்கும் அடிக்க வேண்டும்போல இருந்தது. ஒரு வாய்ச்சொல். ஒருவர் கேட்டிருந்தால் முடிந்தது. மற்றவர் கொடுத்திருந்தாலும் முடிந்தது. அந்த ஒரு சொல்லுக்காக என் பிள்ளை கிணற்றடியில் வளர்ந்தான். என் ஐயாவைச் சேமக்காலையில் அடக்கம் பண்ணியபோது ஒரே மருமகன் மதிலுக்கு வெளியே றோட்டில் நின்றார். அதையெல்லாம் யார் திருப்பித் தருவது?

என்னவர் தேறி வந்தார். உயிர்த்த ஞாயிறுக்கு வேட்டி சால்வையோடு கோயிலுக்கு வந்தார். இராப்போசனத்தில் அப்பத்தட்டைக் கொண்டுவந்தது அண்ணை. என்னவருக்கு முன்னால் வந்ததும் தட்டு நடுங்கியது. என்னவர் ஒரு கையால் தட்டைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எடுத்தார். என் கண் மறைத்துவிட்டது. ஆண்டவரே, நீர் நல்லவர் என்று மட்டும் சொன்னேன்.

அண்ணை சொன்னபடியே முறையை மாற்றிக்கொண்டார். ஞாயிறு இறைக்கமாட்டார். அதனால் புதன் தண்ணீரோடு சமாளிக்க வெங்காயத்தைக் குறைத்து மரவள்ளி நட்டார். அவருக்கு அது பெரிய நட்டம். ஒருநாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. பின்னேரங்களில் இரண்டு பேரும் கிணற்றுக் கட்டில் இருந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டு கதைப்பார்கள். அப்படி எவ்வளவு காலம் இருந்தார்கள் என்று நினைக்கிறீர்கள்? எழுபத்துநாலில் அண்ணை நெஞ்சுவலியால் போய்விட்டார். பகைத்திருந்த காலம் எவ்வளவு, சேர்ந்திருந்த காலம் எவ்வளவு என்று நான் கணக்குப் பார்ப்பதில்லை. பார்த்தால் நித்திரை வராது.

இதை வாசிக்கிறவர்களிலும் யாராவது கோயில் வாசலில் கோபத்தோடு திரும்பிப் போயிருக்கக்கூடும். உங்கள் பக்கம் நியாயம் இருக்கலாம். என்னவர் பக்கமும் இருந்தது. ஆனாலும் போகாதீர்கள். உள்ளே இருந்து சண்டை பிடியுங்கள், உள்ளே இருந்து அழுங்கள். மூப்பராக, போதகராக இருக்கிறவர்களுக்கும் சொல்கிறேன். போனவன் கேட்கட்டும் என்று காத்திருக்காதீர்கள். உங்கள் கையில் ஒரு செவ்வாய்க்கிழமை இருந்தால் அதைக் கொண்டுபோய்க் கொடுங்கள். ஆண்டவரை நம்பி நீங்கள் ஒரு அடி வையுங்கள். அவர் எங்களைக் கைவிடவில்லை, உங்களையும் விடமாட்டார்.

அண்ணையின் மகள் கொழும்பில் குடியேறிவிட்டாள். காணியை எங்களையே பார்க்கச் சொல்லிவிட்டாள். ஆக ஞாயிற்றுக்கிழமை முறை சுற்றி எங்களிடமே வந்து சேர்ந்தது. என்னவர் அதைத் தொடுவதில்லை. போன கோடையில் கடும் வெயில். அருள் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறான். "ஏன் அப்பா சும்மா கிடக்கிற முறையை விடுறியள்?" என்று கேட்டான்.

"அது மாமான்ரை தண்ணி," என்றார் அவர்.

அருள் இன்னும் கோயிலுக்கு வருவதில்லை. அந்த ஜெபத்துக்கு எனக்குப் பதில் வரவில்லை. நான் கேட்பதை நிறுத்தவுமில்லை. ஆனால் ஞாயிறு காலையில் நான் வாங்கில் இருந்து வேலிப் பக்கம் காதை வைத்துக்கொண்டு இருப்பேன். மிசின் அவன் கையில்தான் இருக்கிறது. அன்றைக்கு ஒருநாளும் அவன் அதை முடுக்குவதில்லை.