நான் நட்ட குச்சியும் எதிர்க்கட்சிக்காரரும்

1920களின் தொடக்கத்தில், மலாயாவில் ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் நான் பால்மரம் வெட்டி ரப்பர்ப்பால் எடுத்துக்கொண்டிருந்தேன். ஆற்றுத் தண்ணீரைக் குடித்துக் குடித்து லயத்தில் வயிற்றுப்போக்கு ஓயவே இல்லை. லயம் என்றால் எங்கள் வீட்டு வரிசை, பிள்ளைகளே. நடக்கத் தொடங்கியிருந்த என் மகள் மறுபடியும் தவழ ஆரம்பித்துவிட்டாள், அவ்வளவு மெலிவு. கடைசியில் கிணறு வெட்டத் தோட்டத்து வெள்ளைக்காரத் துரை சம்மதித்தார். இடத்தை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்.

யார் பார்ப்பது? மேல்லயம் ஒரு கட்சி, கீழ்லயம் ஒரு கட்சி. கட்சிக்கு ஒன்றாக இரண்டு பால்வாளிகளைத் துணியால் மூடி வைத்து, ஆளுக்கு ஒரு ரப்பர் விதை போட்டோம். பெண்களும் போட்டார்கள். கீழ்லயத்துக்காக நின்ற நான் ஜெயித்தேன். எனக்குத் தலைகால் புரியவில்லை. எங்கள் லயத்தை ஒட்டியே இடம் பார்த்துக் குச்சி நட்டுவிட்டேன்.

மறுநாள் காலை கிணற்றைப் பற்றிப் பேச நான் கூட்டிய கூட்டத்துக்கு, என்னிடம் தோற்ற மேல்லயத்துக்காரரும் வந்தார்.

"தோத்த ஆளுக்கு இங்க என்ன வேலை, மச்சான்?" என்றேன்.

"வேலை இருக்கு. மழை பேஞ்சா மாட்டுக்கொட்டாய்த் தண்ணி எந்தப் பக்கம் ஓடுதுன்னு பாத்தியா?"

"வாளியில விதை விழாத வயித்தெரிச்சல்," என்றார் எங்கள் ஆள் ஒருவர். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டு, அவரை வெளியே போகச் சொன்னேன்.

"போறேன். ஒனக்கு விதை போட்டவனும் போடாதவனும் அந்தத் தண்ணியத்தான் குடிக்கணும்," என்று சொல்லிவிட்டுப் போனார்.

அது மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. அன்று பின்நேரம் மழை பிடித்தது. சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு போய்ப் பார்த்தேன். மாட்டுக்கொட்டகைத் தண்ணீர் சாணியோடு இறங்கிவந்து, என் குச்சியைச் சுற்றிக் குளம்போல நின்றது. மகள் முகம்தான் கண்முன் வந்தது.

குச்சியைப் பிடுங்கிக்கொண்டு, நனைந்தபடியே அவர் வீட்டுக்குப் போனேன்.

"நீ சொன்னதுதான் சரி. வா, வேற இடம் பாப்போம்."

"அப்ப கூட்டத்துல உள்ள ஒக்காரலாமா?" என்று கேட்டுச் சிரித்தார்.

மேட்டில் ஓர் இடம் பிடித்தோம். அதற்கும் குறை சொன்னார், அடியில் பாறை இருக்கும் என்று. அந்தத் தடவை அவர் சொன்னது தப்பு. நல்ல தண்ணீரே வந்தது. ஆனாலும் அவர் வாயை நான் பிறகு ஒருநாளும் அடைக்கவில்லை.

நாட்டுக்கு நல்ல கட்சி ஒன்று போதாதா, எதற்கு இத்தனை என்று நீங்கள் கேட்கிறீர்கள், பிள்ளைகளே. அந்தக் கிணற்றுத் தண்ணீரில்தான் என் மகள் தேறி எழுந்து நடந்தாள். அதனால் இன்றைக்கும் எந்தக் கூட்டத்துக்குப் போனாலும், எனக்கு எதிராகப் பேசக்கூடிய ஆள் உள்ளே உட்கார்ந்திருக்கிறாரா என்று பார்த்துவிட்டுத்தான் நான் பேச ஆரம்பிக்கிறேன்.