சென்னை சுற்றி வந்த அந்தேரி அழைப்பு

மும்பை தாராவியின் நைன்ட்டி ஃபீட் ரோட்டில் ஜெபசெல்வியைத் தெரியாதவர்கள் குறைவு. முதலில் வீடுகளுக்குக் கேபிள் டிவி இழுத்துக் கொடுத்தாள், பிறகு இன்டர்நெட். இப்போது அறுநூறு இணைப்புகள். பாதிக்கு மேல் தோல் பட்டறைகளும் தையல் கூடங்களும்தான். எங்காவது ஒயர் அறுந்தால் ஏணியைத் தூக்கிக்கொண்டு அவளே வந்து நிற்பாள்.

ஒருநாள் தோல் பை தைக்கும் முகைதீன் பாய் அவளைப் பட்டறைக்கு வரச் சொன்னார். மும்பையிலேயே இருக்கும் அந்தேரிக் கம்பெனி ஒன்றுக்கு வீடியோ காலில் புதுப் பையைக் காட்டும்போது படம் பாதியில் நின்றுவிட்டதாம். போன மாதம்தான் ஸ்பீடைக் கூட்டிக் கொடுத்திருந்தாள். அங்கேயே லேப்டாப்பைத் திறந்து தகவல் போகும் வழியைப் பார்த்தவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கு நெட் கொடுக்கும் பெரிய கம்பெனி எல்லாவற்றையும் சென்னைக்கு அனுப்பி, அங்கிருந்து அந்தேரிக்குத் திருப்பிக்கொண்டிருந்தது.

“அந்தேரிக்குப் போவ ஒங்க படம் மெட்ராஸ் போயிட்டு வருது பாய்.”

“ரிசர்வேஷன் இல்லாமயா?” என்றார் அவர்.

நவி மும்பை ஐரோலியில் இன்டர்நெட் எக்ஸ்சேஞ்ச் ஒன்று இருப்பது அவளுக்குத் தெரியும். பல நெட் கம்பெனிகள் ஒரே இடத்தில் இணைந்து, இடையில் யாரும் இல்லாமல் நேராகத் தகவலைப் பரிமாறிக்கொள்ளும் இடம். அந்தேரிக் கம்பெனிக்கு நெட் கொடுப்பவர்களும் அங்கே இருந்தார்கள். ஆனால் அவ்வளவு தூரம் தனியாக ஃபைபர் எடுப்பது அவள் சக்திக்கு மீறியது. செம்பூரில் இதே தொழில் செய்யும் சுரேந்திரனோடு சேர்ந்தால் முடியும். சயானில் ஒரு கட்டடத்துக்கு யார் இணைப்பு கொடுப்பது என்று சண்டை போட்டு, நாலு வருஷமாக இருவருக்கும் பேச்சில்லை.

அவளே போனாள். விஷயத்தைச் சொன்னாள். அவர் முகம் இளகவில்லை.

“நாம பேசாட்டாலும் பரவால்ல அண்ணாச்சி. நம்ம நெட்டு ரெண்டும் பேசட்டும்.”

சுரேந்திரன் சிரித்துவிட்டார். சாய் வந்தது.

மனு, ரூட்டர், ஃபைபர் என்று மூன்று மாதம் ஓடியது. இணைத்த அன்று ஒரு செட்டிங் தப்பாகி, தாராவியில் அவள் இணைப்புகள் அத்தனையும் நாற்பது நிமிஷம் படுத்துவிட்டன. போன் அடித்து ஓயவில்லை. ஐரோலியில் நின்றபடியே சரிசெய்தாள்.

மறுநாள் முகைதீன் பாயின் வீடியோ காலில் படம் எங்கும் நிற்கவில்லை. கைப்பிடியில் ஒரு தையல் கோணலாக இருப்பதைக்கூட அந்தேரிக்காரர் கண்டுபிடித்துவிட்டார். நெட் இவ்வளவு நன்றாக இருந்தாலும் தொல்லைதான் என்று பாய் அலுத்துக்கொண்டே ஆர்டரை வாங்கினார்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம், பெரிய கம்பெனியின் சென்னை லைன் அறுந்தது. வெளியூர்த் தொடர்பு தடுமாறினாலும், மும்பைக்குள் போகும் அழைப்புகள் ஐரோலி வழியே ஓடிக்கொண்டிருந்தன. பட்டறைகளில் பலருக்கு லைன் அறுந்ததே தெரியாது. தெரிந்துகொண்டவர், அதே பெரிய கம்பெனியிடம் நெட் வாங்கித் தாணேயில் நடத்தும் உமாமகேஸ்வரி. ஐரோலி இணைப்பில் தன்னையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று அன்றைக்கே ஜெபசெல்விக்குப் போன் செய்தார்.