இறால் வண்டியும் ஈரச் சாக்கும்

குளிர்வண்டி பழுது பார்ப்பவனுக்கு வேர்க்காத நாள் கிடையாது. இயந்திரங்களோடு மல்லுக்கட்டிய உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அறுபதுகளில் செம்பூரில் வண்டி பழுது பார்க்கும் ஷெட்டில் நான் மெக்கானிக். அங்கே வந்த ஒரே ஒரு வண்டியின் கதை இது.

மூடிய கதவு

தாராவி அண்ணாச்சி வெகுகாலம் ஐஸ் லாரியில் மீன் அனுப்பியவர். புதிதாக, இயந்திரத்தால் குளிரூட்டும் குளிர்வண்டி வாடகைக்கு எடுத்து, கப்பலுக்கு முதல் லோடு இறால் ஏற்றியிருந்தார். சாயங்காலத்துக்குள் துறைமுகம் சேர வேண்டும். அங்கே சரக்கைத் திருப்பிவிட்டால் மறு லோடு கேட்க ஆள் இருக்காது. உள்ளே இருக்கும் சூட்டைக் காட்ட வண்டியின் வெளியே வைத்திருந்த வெப்பமானியின் முள்ளோ ஏறிக்கொண்டே இருந்தது.

பெல்ட் இறுக்கமாக இருந்தது. குளிரூட்டும் காஸும் குறையவில்லை. சூட்டை வெளியே விடும் முன்பக்கத் தகட்டில் அப்பியிருந்த புழுதியைக் கழுவினேன். முள் இறங்கவில்லை. உள்ளே பார்க்க வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அண்ணாச்சி கதவில் சாய்ந்து நின்றுகொண்டார்.

"கதவத் தொறந்தா உள்ள இருக்க குளிரும் போயிரும்லா வே. வெளிய நின்னே பாரும்."

பனி பூத்த குழாய்

கம்ப்ரஸருக்குத் திரும்பி வரும் குழாய் முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்திருந்தது. குளிர் நன்றாக வருகிறது என்று அண்ணாச்சி அதைத் தொட்டுப் பார்த்துச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. இயந்திரம் குளிரை உண்டாக்குகிறது, அது சரக்குக்குப் போகவில்லை என்று அர்த்தம்.

எங்கள் ஃபோர்மேன் மணி ஐயர் மாதுங்காக்காரர். இறால் வாடைக்குக் கைக்குட்டையால் மூக்கை மூடியபடி வந்து குழாயைப் பார்த்தார். கதவைத் திறக்கச் சொல்ல எனக்கு வராத தைரியம் அவருக்கு இருந்தது.

"பனி குழாய்ல இருந்து என்ன பிரயோஜனம் ஓய்? இறால் உள்ளேன்னா இருக்கு."

நாலு சாக்கு

கதவைத் திறந்தோம். கூரைவரை இடைவெளி விடாமல் பெட்டிகள். மேல் வரிசையை இறக்கி உள்ளே ஊர்ந்து போனேன். குளிர்காற்று வரும் வாயிலும், காற்று திரும்பிப் போகும் வாயிலும் நாலு ஈரச் சாக்குகள் திணிக்கப்பட்டிருந்தன. ஐஸ் லாரியில் சந்து பொந்தெல்லாம் சாக்கால் அடைத்தால்தான் ஐஸ் நிற்கும். அந்த வழக்கப்படி அண்ணாச்சி தன் கையாலேயே அடைத்திருக்கிறார்.

சாக்குகளை உருவி எறிந்தேன். பின்னால், காற்று ஓடாததால் சுருள் குழாய் ஐஸ் பாறையாகக் கிடந்தது. இயந்திரத்தை நிறுத்தி, பெட்டிகளை இறக்கிவிட்டு, வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றிக் கரைத்தோம். அதற்குள் அண்ணாச்சி ஒவ்வொரு பெட்டியாக முகர்ந்து பார்த்தார். கதவோரப் பெட்டிகளை முகர்ந்ததும் முகம் சுளித்து ஒதுக்கி வைத்தார். மீதியைக் காற்றுக்கு வழிவிட்டு அடுக்கி, இயந்திரத்தை ஓட்டினோம். முள் அசையவில்லை. நாங்கள் மூவரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிறகு மெல்ல இறங்கியது.

மறுநாள் அண்ணாச்சி வந்தார். கொண்டுபோன சரக்கைக் கப்பல்காரர்கள் எடுத்துக்கொண்டார்களாம். எனக்கு மூச்சு வந்தது. அவர் ஷெட்டைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"எல்லாம் சரி வே, அந்த நாலு சாக்க எங்க போட்டீரு? அடுத்த லோடுக்கு அடைக்க வேணும்லா."

அன்று முதல் எந்தக் குளிர்வண்டி வந்தாலும், உள்ளே எத்தனை சாக்கு என்று கேட்டுவிட்டுத்தான் ஸ்பானரைக் கையில் எடுத்தேன்.